அட்டையில் முளைத்த செடிகள்

சென்ற தவணையில் ஒருநாள், வலிகாமத்துப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் அறையில் ஒரு விசாரணை நடைபெற்றது. குற்றவாளி, ஏழாந் தரத்தில் படிக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். சான்றுப் பொருள், அவனுடைய புத்தகப் பையிலிருந்து பறிக்கப்பட்ட 34 வண்ண அட்டைகள். நீதிபதிகள் ஐவர், அவர்களுள் இதனை எழுதுகின்ற நானும் ஒருவன். அட்டைகளிற் சில, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமன் கொடுத்தவை. மற்றவை, கடையில் மலிவாக விற்கப்படும் போலிப் பதிப்புகள். அவற்றில் வரையப்பட்டிருந்தவை 'போக்கிமான்' எனப்படும் கற்பனை உயிர்கள்; முதுகில் வித்துச் சுமந்த தவளை, பூவைத் தலையிற் கவிழ்த்த பூதம், வாய் பிளந்த குடுவைக்கொடி, மூன்று முகங்கொண்டு நடந்து திரியும் மரம் என்று செடியும் விலங்கும் கலந்த உருவங்களே அவற்றுட் பெரும்பாலானவை.

"பேய்க் குட்டிகளைப் படமாக்கி விற்கிறார்கள்" என்றார் ஒருவர். "அந்நியப் பண்பாட்டின் படையெடுப்பு" என்றார் தமிழாசிரியர். "காசையும் நேரத்தையும் கரியாக்கும் வேலை, சோதனையில் இதற்கா புள்ளி?" என்றார் கணித ஆசிரியர். சிறுவன் தலைகுனிந்து நின்றான். நான் ஓர் அட்டையை எடுத்து இதன் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னான். அடுத்ததையும் சொன்னான். முப்பத்துநான்கின் பெயரையும் தடங்கலின்றிச் சொன்னான். எது முதிர்ந்து எதுவாகும், எது நெருப்புக்கு அஞ்சும், எது நஞ்சு கக்கும் என்பனவற்றையும் ஒழுங்காக ஒப்புவித்தான். நான் கற்பிப்பது விஞ்ஞானம். என் வகுப்பில் இத்தனை ஒழுங்கோடு எந்த மாணவனும் எதனையும் வகைப்படுத்திச் சொன்னதில்லை.

பின்னர் யன்னலுக்கு வெளியே இருந்த வேலியைக் காட்டினேன். பனையைச் சொன்னான், வேம்பைச் சொன்னான். மற்றவையெல்லாம் அவனுக்கு 'செடி', 'கொடி', 'புல்லு' என்பனவே. ஆசிரியர் அறையில் வெற்றிப் புன்னகை பரவிற்று. "பார்த்தீர்களா!" என்றார் தமிழாசிரியர். நான் அதே வேலியை அவரிடம் காட்டினேன். பூவரசையும் கிளுவையையும் சொன்னவர், கிளுவையிற் படர்ந்திருந்த கொடியண்டை வந்ததும் நின்றுவிட்டார். அது முசுட்டையா, மொசுமொசுக்கையா என்பதில் எங்கள் ஐவருக்கும் இணக்கம் ஏற்படவில்லை. வேலியடியில் முளைத்திருந்த பூண்டுகளிற் பாதிக்கு மேல் எனக்கே பெயர் தெரியாது. விசாரணை அந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை.

சிறுவனின் அம்மப்பாவை அழைத்திருந்தோம். முதியவர், வாழ்நாளெல்லாம் பனையேறிச் சீவிய தொழிலாளி. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே, "வாத்தியார், பொடியன் இனிமேல் கொண்டுவர மாட்டான். இந்த ஒருக்கா மன்னியுங்கோ" என்றார். மேசையிற் கிடந்த அட்டைகளை எட்டிப் பார்த்தவர், மூன்று முகமுள்ள மரத்தின் படத்தைக் கண்டு சற்றே சிரித்தார். "இதென்ன, பனையோ? நுங்குக்கு மூண்டு கண்தானே. அதுக்கு முகம் கீறி விட்டிருக்கிறாங்கள். ஆனா வட்டுப் பிழை, வாத்தியார். பனையோலை விசிறிமாதிரி விரியும். இது தென்னையின்ரை சாயல்." அதுவரை நிலத்தைப் பார்த்திருந்த சிறுவன் நிமிர்ந்து, "அம்மப்பா, உங்களுக்கு இது தெரியுமோ?" என்றான்.

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. 'எக்ஸெகியூட்டர்' என்னும் அந்த உயிர் உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு அறிமுகமான ஒன்று. அதன் மூன்று முகத்தில் நுங்கின் மூன்று கண்ணைக் கண்டவரும், அதன் ஓலையிற் பிழை பிடித்தவரும், ஐந்து பட்டதாரிகள் அமர்ந்திருந்த அந்த அறையில் அவர் ஒருவரே. அவர் வெளியே நின்றார். நாங்கள் உள்ளே அமர்ந்து, பிள்ளைகள் இயற்கையை மறந்துவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தோம்.

இன்று நமது சமூகத்தில் இந்தப் புலம்பல் ஒரு நாகரிகமாகிவிட்டது. மேடைகளிற் பேசுகிறார்கள்; பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பிள்ளைகளின் கையிலுள்ள அட்டையைப் பறித்துவிட்டால் பனையும் பூவரசும் தாமாகவே அவர்கள் நெஞ்சில் முளைத்துவிடும் என்பது இவர்களின் எண்ணம். இது பொய். பிள்ளையின் பெயரறியும் பசி உயிரோடிருக்கிறது என்பதற்கு அந்த அட்டைகளே சான்று. அந்தப் பசிக்கு உணவிடாதவர்கள் நாம். நாம் வெறுமையாக விட்ட கலத்தில் வணிகன் வந்து தன் பண்டத்தைப் பரிமாறினான். இக்கட்டுரையின் வழக்கு இதுவே.

முதலில், பேய் என்றும் அந்நியம் என்றும் கூறுவோருக்கு விடை சொல்வோம். இந்த உயிர்களைப் படைத்த யப்பானியர் சதோஷி தஜிரி, தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். வண்டும் பூச்சியும் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அவருடைய இளம்பருவப் பித்து. நகரம் பெருத்தது; அவர் பூச்சி பிடித்த வயல்களும் குட்டைகளும் கட்டிடங்களுக்கு இரையாயின. வயலை இழந்த பிள்ளைகளுக்கு அந்தத் தேடலின் இன்பத்தை வேறு வகையில் தரலாம் என்ற எண்ணத்திலிருந்தே 1996 பெப்ரவரி 27 அன்று வெளிவந்த கைக்கருவி விளையாட்டு பிறந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அதன் அட்டைகள் யப்பானில் விற்பனைக்கு வந்தன. ஆகவே இந்த அட்டைகளின் பிறப்பிலேயே ஓர் இழப்பு இருக்கிறது. முதலாளித்துவம் ஒரு கையால் வயலை விழுங்கிற்று. மறு கையால் அந்த வயலின் நினைவைப் பொட்டலமிட்டு விற்றது. இவை பேயின் குட்டிகள் அல்ல. அழிந்த வயலின் குட்டிகள்.

அவற்றை வரைந்தவர்கள் இயற்கையைக் கூர்ந்து பார்த்தவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'வைல்பிளூம்' என்பதன் தலையிலுள்ள பெரும்பூ, சுமாத்திரா, போர்ணியோக் காடுகளில் பூக்கும் ரஃப்லேசியாவின் சாயல். அந்தப் பூ ஒரு மீற்றர் அகலம்வரை விரியும். இலையுமின்றித் தண்டுமின்றி மற்றொரு கொடியின் உடலுக்குள் வாழும். பிணநாற்றம் வீசி ஈக்களை அழைக்கும். 'விக்ட்ரீபெல்' என்பது குடுவைச் செடி. அத்தகைய செடி ஒன்று நமது தீவிலேயே, தென்மேற்கின் ஈரநிலங்களில், உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இனமாக வாழ்கிறது. சிங்கள மக்கள் அதனைப் பாந்துரா என்பர். 'பராசெக்ட்' என்பது, பூச்சியின் உடலில் முளைத்து அப்பூச்சியையே ஆட்கொள்ளும் காளானின் கதை. அத்தகைய காளான்கள் இமயத்திலும் யப்பானிலும் உண்மையாகவே உண்டு. 'புல்பசோர்' என்பதற்கு, பிறக்கும்போதே முதுகில் ஒரு வித்து. உடலோடு வித்தும் வளர்ந்து கொடியாகும். யப்பானிய மொழியில் அதன் பெயரே 'விந்தை வித்து' என்ற பொருள் தருவது.

இந்த விந்தைகளுக்கு நிகரானவை நமது ஊரில் இல்லையா? பனையின் மட்டையிடுக்கில் பறவையின் எச்சம் விழுகிறது. அதிலுள்ள ஆலம்வித்து அங்கேயே முளைக்கிறது. வேர்கள் பனையைத் தழுவி இறங்கி நிலத்தைத் தொடுகின்றன. ஆண்டுகள் செல்ல, பனையை நடுவில் வைத்து ஆல் எழுந்து நிற்கிறது. முதுகில் வித்துச் சுமந்த உயிர் இதுவன்றி வேறெது? மாமரத்திற் படரும் குருவிச்சையைப் பாருங்கள். அதன் பழத்தைத் தின்ற குருவி, ஒட்டும் வித்தைக் கிளையிலே தேய்த்துவிட்டுப் பறக்கிறது. வித்து அங்கேயே வேர்விட்டு மரத்தின் நீரை உறிஞ்சுகிறது. மாரி காலத்தில் வேலிகளிற் சுடர்விடும் கார்த்திகைப் பூவின் கொடிக்குத் தனியான பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பிடிக்கிறது. அழகிய அந்தப் பூவின் கிழங்கோ கொடிய நஞ்சு. இவற்றை யாரேனும் அட்டையில் வரைந்து தந்திருந்தால், எங்கள் சிறுவன் ஒரே நாளில் மனனஞ் செய்திருப்பான். ஆனால் வேலியிலே இலவசமாகக் கிடந்தவற்றை நாம் அவனுக்குக் காட்டவில்லை.

இனி, 'அந்நியம்' என்ற கூச்சல். யாழ்ப்பாணத்தின் பெயரை ஊரெங்கும் கொண்டு சென்ற புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. நமது கறிக்கு நிறமும் உறைப்புந் தரும் மிளகாயும், முற்றத்துப் பப்பாசியும் அவ்வாறே கடல் கடந்து வந்தவை. நெடுந்தீவில் நாம் பெருமையோடு காட்டும் பெருக்குமரம் ஆபிரிக்காவின் பிள்ளை. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். இவற்றில் எதனையும் நம்மவர் கடவுச்சீட்டுக் கேட்டுத் துரத்தவில்லை. உழவன் தன் வியர்வையை ஊற்றிய செடி எங்கிருந்து வந்தாலும் அந்த மண்ணின் செடியாகிவிடும். எனவே இந்த அட்டைகளை யப்பானியச் சரக்கு என்பதற்காக எதிர்ப்பது வெறும் இனவாதம். அதில் முற்போக்கு எதுவும் இல்லை.

ஆனால் இதனால் அட்டை வணிகன் குற்றமற்றவனாகிவிடுவானா? இல்லை. அவன் மீதுள்ள வழக்கு வேறு.

இந்த அட்டைகள் திறந்து விற்கப்படுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலே பிள்ளை பொட்டலத்தை வாங்குகிறது. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் ஒரு குறி உண்டு. வட்டமிருந்தால் அது மலிவானது, சாய்சதுரமிருந்தால் சற்று அரிது, நட்சத்திரமிருந்தால் அரியது. காட்டிலே ஓர் உயிர் அரிதாவதற்குக் காரணம் உண்டு. மண் குறுகியிருக்கும், நீர் வற்றியிருக்கும், அல்லது மனிதன் வெட்டியிருப்பான். அட்டையில் ஓர் உயிர் அரிதாவதற்குக் காரணம் ஒன்றே: அச்சுக்கூடத்தின் முதலாளி குறைவாக அச்சிடச் சொன்னான். இந்தச் செயற்கைப் பஞ்சமே அவனுடைய இலாபத்தின் ஊற்று. 2021 ஆம் ஆண்டில் இத்தகைய அட்டை ஒன்றுக்கு ஓர் அமெரிக்கப் பிரபலம் கொடுத்த பெறுமதி 52,75,000 டொலர். 2025 மார்ச் வரை அச்சிடப்பட்ட அட்டைகளின் தொகை 7,500 கோடிக்கு மேல் என்று அக்கம்பெனியே பெருமையோடு அறிவிக்கிறது. காட்டின் நினைவைக் காட்டையே அரைத்த காகிதத்தில் அச்சிட்டு விற்கும் விந்தையை என்னென்பது!

இதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. அட்டையிலுள்ள செடிக்குத் தாக்கும் வலிமை இத்தனை, தாங்கும் வலிமை இத்தனை என்று எண்கள் இருக்கின்றன. ஆனால் அதற்கு நிலமில்லை, பருவமில்லை. அதை நட்டவரும் இல்லை, நீர் வார்த்தவரும் இல்லை. ஏனைய உயிர்களோடு அதற்குள்ள உறவு ஒன்றே: சண்டை. மனிதனோடு அதற்குள்ள உறவும் ஒன்றே: விலை. பனை அவ்வாறானதன்று. விதை இட்டவன் பதினைந்து இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆண் பனை எது, பெண் பனை எது என்பதை அதன் பாளை சொல்லும்வரை எவரும் அறியார். தளநார் பூட்டிக் காலையும் மாலையும் ஏறும் ஒருவர் அதற்கு வேண்டும். முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் கருப்பணி, தடவாவிடிற் கள் என்பதை அறிந்த கை வேண்டும். பனம்பாத்தியில் கிழங்கு கிண்டுபவர், ஒடியலாக்கி உலர்த்துபவர், பனாட்டு ஊற்றுபவர், ஓலை இழைப்பவர் என்று எத்தனை கைகள்! 'தால விலாசம்' என்ற பழைய செய்யுள் நூல் பனைக்கு 801 பயன்கள் கூறிற்று என்பர். அந்த 801 பயனும் 801 உழைப்பு. அட்டை அழிப்பது இந்த உறவைத்தான். பெயரை வைத்துக்கொண்டு உழைப்பை மறைப்பதே பண்டத்தின் பழைய மந்திரம்.

பழைய மந்திரம் என்றேன். அதற்கு நமது தீவோடு தொடர்புடைய ஓர் உதாரணம் தருகிறேன். 1954 முதல் புரூக் பொண்ட் கம்பெனி இங்கிலாந்தில் விற்ற தேயிலைப் பொட்டலங்களுள் வண்ணப்பட அட்டைகளை வைத்தது. முதலிற் பறவைகள், பின்னர் காட்டுப் பூக்கள், மரங்கள் எனப் பல தொடர்கள். 1999 வரை இது நீடித்தது. ஆங்கிலேயப் பிள்ளைகளின் ஒரு தலைமுறை தன் நாட்டுப் பூக்களின் பெயரை அந்த அட்டைகளிற் கற்றது. இன்றும் பலர் அதனைக் கனிவோடு நினைவு கூர்கின்றனர். நல்லது. ஆனால் அந்த அட்டைகளைச் சுற்றியிருந்தது எது? இலங்கைத் தோட்டங்களின் கொழுந்தும் கலந்த தேயிலை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டிருந்த காலம் அது. எத்தனையோ பூக்களின் பெயர் அட்டைகளில் இருந்தது; கொழுந்தைக் கிள்ளிய பெண்ணின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. அன்று தேயிலையை விற்க இயற்கையைத் துணைக்கழைத்தார்கள். இன்று அந்தத் தேயிலையும் வேண்டாம், அட்டையே போதும் என்ற நிலைக்கு வணிகம் முன்னேறியிருக்கிறது.

இனி நம்முடைய குற்றத்துக்கு வருவோம்.

2002 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் அன்ட்ரூ பாம்ஃபோர்ட்டும் அவருடைய தோழர்களும் 'சயன்ஸ்' என்ற ஆராய்ச்சி இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டனர். பிரித்தானிய ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் 109 பேருக்கு உண்மையான செடி, விலங்குகளின் படங்களையும் போக்கிமான் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டனர். நான்கு வயதுப் பிள்ளைகள் உண்மை உயிர்களில் 32 வீதத்தையும் போக்கிமான்களில் 7 வீதத்தையுமே இனங்கண்டனர். எட்டு வயதில் உண்மை உயிர்கள் 53 வீதம். போக்கிமான் 78 வீதம். அந்த ஆய்வாளர்கள் பிள்ளைகளை ஏசவில்லை. உயிர்களை வகைப்படுத்தி அறிவதில் பிள்ளைகளுக்கு வியத்தகு ஆற்றல் உண்டு. இயற்கையைக் காக்க விரும்புவோரே அந்த ஆற்றலுக்கு ஈடுகொடுக்கத் தவறிவிட்டனர் என்றே கூறினர். அவர்கள் சொன்னது இங்கிலாந்தைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் அந்தத் தவறைச் செய்தவர் யார்?

முதற் குற்றவாளி, நாம் நடத்தும் கல்வி. ஆரம்ப வகுப்புகளில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே உண்டு. அதன் பெயரிற் சுற்றாடலும் இருக்கிறது, செயற்பாடும் இருக்கிறது. வகுப்பறையில் இரண்டும் இல்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை எனும் செக்கில் பத்து வயதுப் பிள்ளையைப் பூட்டி, விடிகாலையில் ஒரு ரியூசன், பாடசாலை முடிந்ததும் இன்னொரு ரியூசன் என்று ஓட்டுகிறோம். வேரின் வகைகளை வினாத்தாளுக்காகப் பாடமாக்கிய பிள்ளை ஒரு செடியைப் பிடுங்கி அதன் வேரைப் பார்த்ததில்லை. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேணும்' என்ற முதுமொழியைப் பெற்ற சமூகம் அல்லவா இது! மண்ணைத் தொடாமல் வாழ்வதே கல்வியின் பயன் என்று மூன்று தலைமுறையாகக் கற்பித்துவிட்டு, இப்போது பிள்ளை மண்ணை அறியவில்லை என்று வருந்துவது என்ன நியாயம்?

இரண்டாவது குற்றவாளி, நமது பழம்பெருமை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். அந்தப் பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பரிசும் கொடுக்கிறோம். பரிசு கொடுப்பவர்களில் அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒன்பதையேனும் கண்ணாற் கண்டு காட்டத்தக்கவர் எத்தனை பேர்? பட்டியலின் முதலில் வரும் செங்காந்தளே நம் வேலியிலுள்ள கார்த்திகைப் பூ என்பதை எத்தனை வகுப்புகளிற் சொன்னோம்? செடியைக் காணாமற் பெயரை மட்டும் ஒப்பிக்கும் பிள்ளைக்கும், அட்டையிலுள்ள பெயரை ஒப்பிக்கும் பிள்ளைக்கும் என்ன வேற்றுமை? கபிலர் மலைச்சாரலில் நடந்தவர். பூவைப் பார்த்துப் பெயர் சொன்னவர். நாம் அவரையும் ஒரு சேகரிப்பு அட்டையாக்கிவிட்டோம்.

மூன்றாவது குற்றவாளி, எல்லாவற்றிலும் கொடியது: சாதி. இந்தக் குடாநாட்டில் செடியையும் மரத்தையும் மண்ணையும் உண்மையாக அறிந்தவர் யார்? பனையில் ஏறியவர், தோட்டத்திற் கூலிக்கு உழைத்தவர், மூலிகை பறித்தவர், கண்டற்கரையில் மீனும் நண்டும் தேடியவர். இவர்களுடைய அறிவை அறிவென்று நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. இவர்களின் பிள்ளைகள் வகுப்பில் ஏனையோரோடு சமமாக வாங்கில் அமர்வதற்கே போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. பொலிசாரின் தடியடியைத் தாங்க வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. தேநீர்க்கடையிற் கோப்பையையும் கோயிலில் வாசலையும் மறுத்த சமூகம், அவர்களிடமிருந்து அறிவை எவ்வாறு பெற்றிருக்கும்? பனையின் பயனை உண்டோம்; பனையேறியை வெளியே நிறுத்தினோம். அவர் பிள்ளைகளும் அந்தத் தொழிலைவிட்டு ஓடினர். இழிவு சுமந்த தொழிலிலிருந்து தப்புவது அவர்களின் உரிமை. அதனை யாரும் குறைகூற முடியாது. ஆனால் அவர்களோடு ஓர் அறிவுக் களஞ்சியமும் மூடப்பட்டது. அதனை மூடியவர்கள் அவர்கள் அல்லர்.

நான்காவதாக, போர். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் விரட்டப்பட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஓரிரவில் எழுந்து நடந்தது. பனைகள் எறிகணையில் தலை இழந்து மொட்டை மரங்களாக நின்றன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகளாக வெட்டுண்டு போயின. திரும்பி வந்த பிள்ளைகளுக்கு நாம் கற்பித்த முதற்பாடம் என்ன? 'பாதையை விட்டு இறங்காதே, பற்றைக்குள் போகாதே, மிதிவெடி இருக்கும்.' உயிர் காக்கும் பாடம் அது. சொல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் பற்றைக்கு அஞ்சி வளர்ந்த அந்தப் பிள்ளைகளே இன்றைய பெற்றோர். அவர்கள் தம் பிள்ளைக்கு எந்தப் பற்றையைக் காட்டுவார்கள்? புலம்பெயர்ந்த மாமன் அன்போடு அனுப்பிய அட்டை, அவர்களுடைய வீட்டில் ஆபத்தில்லாத ஒரு காடு.

இவற்றையெல்லாம் எண்ணிப் பாராமல் ஒரு சிறுவனின் பையைச் சோதிப்பது கோழைத்தனம். வலிய குற்றவாளிகளை விட்டுவிட்டு மெலிய சாட்சியைத் தண்டிக்கும் செயல் அது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இதைக் கேட்டதும் நம்முள் ஒருவர் எழுந்து, "நாமே தமிழ் அட்டைகளை அச்சிடுவோம், பனைக்கு 801 தாக்குவலு கொடுப்போம்" என்பார். வேண்டாம். பொட்டலத்தின் முகப்பை மாற்றினால் பண்டம் மாறாது. பனைக்கும் முருங்கைக்கும் சண்டை மூட்டி, கார்த்திகைப் பூவுக்கு நட்சத்திரம் குத்தி விற்றால், கொள்ளையடிப்பவர் நம்மவர் என்பதைத் தவிர வேறென்ன ஆதாயம்?

வேண்டியது வேறு. அட்டையிற் காட்டிய அதே கூர்மையைப் பிள்ளை வேலியிலே காட்டட்டும். அவனே தன் கையால் ஒவ்வொரு செடியையும் வரையட்டும். தாக்கும் வலிமை எழுதிய இடத்தில், இதை நட்டவர் யார், இதனை உண்பது எது, எந்தப் பருவத்திற் பூக்கும், இதனால் வாழ்பவர் யார், இதன் நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று எழுதட்டும். பதில் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் போய்க் கேட்கட்டும். மாற்றிக்கொள்ளும் ஆசை பிள்ளைக்கு இயல்பு. நமது மூதாதையர் கதியால் மாற்றிக்கொண்டனர், விதை மாற்றிக்கொண்டனர். முறித்து நட்ட கிளுவைக் கதியால் துளிர்ப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, அரிய அட்டை என்ற மயக்கம் தானாகவே தெளியும். ஏனெனில் கதியாலைக் கொடுத்தாற் குறையாது. கொடுக்கக் கொடுக்கப் பெருகும். பஞ்சத்தை உண்டாக்கி விற்பவனுக்கு எதிரான பாடம் இதனினும் வேறில்லை.

இவற்றுக்கு முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று. அறிந்தவரைப் பாடசாலைக்குள் அழைக்க வேண்டும். வாசற்படியில் நின்று மன்னிப்புக் கேட்க அல்ல, வகுப்பின் முன்னிருந்து கற்பிக்க. சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முற்போக்குப் பேசும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பாடசாலையில் நாளைக்கே இதனைத் தொடங்கலாம். எதிர்ப்பு வரும். எந்தத் திசையிலிருந்து வரும் என்பதும் நமக்குத் தெரியும். அந்த எதிர்ப்பே, நோய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அன்று நான் அட்டைகளைச் சிறுவனிடம் திருப்பிக் கொடுத்தேன். சக ஆசிரியர் இருவர் முகம் சுளித்தனர். முதியவர் நன்றி சொல்லிவிட்டுப் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அவர்கள் வளவைக் கடந்து செல்வதை யன்னல் வழியே பார்த்தேன். வேலியடியில் சிறுவன் நின்று எதையோ சுட்டிக் காட்டினான். முதியவர் குனிந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி அவன் மூக்கருகே பிடித்தார். எங்கள் ஐவருக்கும் பெயர் தெரியாத கொடி அது.

அப்பொழுதுதான் ஒன்றை உணர்ந்தேன். ஏறத்தாழ அரைமணி நேரம் அவர் வாசலில் நின்றிருந்தார். அறையில் வெறுங்கதிரைகள் மூன்று இருந்தன. இருக்கச் சொல்லி அவரிடம் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அட்டையைப் பறிக்கத் துடிக்கும் கைகள் முதலில் அந்தக் கதிரையை இழுத்துப் போடட்டும்.